ஒரு சென்ட் வயலுக்கு 12 ரூபாய்

1974-75இல் கேரளத்தின் நெல் பரப்பு சுமார் 8.8 லட்சம் ஹெக்டேர். 2007-08இல் 2.3 லட்சம். இருபோகம் விளைந்தால் இருமுறை எண்ணும் கணக்கு இது. அப்படி எண்ணியும் 33 ஆண்டில் 6.5 லட்சம் ஹெக்டேர் போய்விட்டது. நாளொன்றுக்கு 54 ஹெக்டேர். எஞ்சியதில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு பாலக்காட்டில் இருக்கிறது. இடுக்கியில் ஆயிரம் ஹெக்டேர்கூடத் தேறாது. அங்குள்ள மறையூரில் நெல் விளைந்த வயல்களில் இப்போது கரும்பு நிற்கிறது.

2008இல் கேரளம் நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. நிலத்தை அரசு விலைகொடுத்து வாங்கவில்லை; வயல் உழவர் பெயரிலேயே இருக்கும், ஆனால் மண் கொட்டக் கூடாது. மீறினால் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். வீடு கட்ட வேறு இடமே இல்லாதவருக்குப் பஞ்சாயத்தில் 10 சென்ட், நகரத்தில் 5 சென்ட் விலக்கு. சட்டம் வீண்போகவில்லை. 2022-23இல் பரப்பு சுமார் 1.9 லட்சம் ஹெக்டேர். முன்பு ஆண்டுக்கு 19,000 ஹெக்டேருக்கு மேல் போனது, பிறகு 3,000க்குள் வந்தது. ஆனாலும் குறைவது நிற்கவில்லை.

வயல் தேக்கும் நீரைக் கணக்கிட்டுப் பாருங்கள். வரப்புக்குள் 10 செ.மீ. நீர் நின்றால் ஒரு ஹெக்டேரில் 10 லட்சம் லிட்டர், ஒரு சென்டில் சுமார் 4,000 லிட்டர். நின்ற நீர் மெல்ல மண்ணுக்குள் இறங்கித்தான் பக்கத்துக் கிணறு ஊறுகிறது. அதே 10 சென்டை ஒரு மீட்டர் உயர்த்த 400 கனமீட்டர் மண் வேண்டும். டிப்பருக்கு 5 கனமீட்டர் என்றால் 80 லோடு. அந்த மண்ணுக்காக எங்கோ ஒரு குன்றை வெட்டியாக வேண்டும். வாய்க்கால் தலைப்பில் 10 சென்ட் மேடானால் நீர்வழி அடைபட்டு அடுத்த வயலும் தரிசாகும். தரிசான வயலை விற்பது எளிது. முதலில் வரப்போரம் தென்னை வைப்பார்கள், சில ஆண்டு கழித்து அது ‘புரையிடம்’, அதாவது வீட்டுத்தோட்ட நிலம், ஆகிவிட்டது என்பார்கள்.

இத்தனையும் செய்யாமல் வயலை வயலாகவே வைத்திருப்பவருக்கு 2020-21 பட்ஜெட்டில் ஹெக்டேருக்கு 2,000 ரூபாய் ராயல்டி அறிவித்தார்கள். ஒதுக்கியது 40 கோடி, அதாவது 2 லட்சம் ஹெக்டேருக்கு. பிறகு அது 3,000 ஆனது. ஒரு ஹெக்டேர் 247 சென்ட். வகுத்தால் சென்டுக்கு ஆண்டுக்கு 12 ரூபாய்.

எதிர்ப்பக்கக் கணக்கு இது. நிரப்பப்பட்டு, நெல்வயல்களைப் பட்டியலிடும் தரவு வங்கியில் சேராத நிலத்தை முறைப்படுத்த 25 சென்ட் வரை கட்டணமில்லை. அதற்கு மேல் ஒரு ஏக்கர் வரை அரசு குறித்த நியாய விலையில் 10 சதவீதம். சென்டுக்கு நியாய விலை 50,000 என்று வைத்துக்கொண்டால் கட்டணம் 5,000 ரூபாய். காப்பவர் அதே தொகையை 12 ரூபாயாக வாங்கி முடிக்க 400 ஆண்டுக்கு மேலாகும். சுமையை உழவர் தலையில் ஏற்றிவிட்டு, காப்பதாகப் பெயர் வாங்குவது நியாயமில்லை.

நிலத்தையே அரசு எடுத்துக்கொண்ட உதாரணம் இடுக்கியிலேயே உண்டு. 1971இல் கண்ணன் தேவன் மலை நிலமீட்புச் சட்டத்தின்கீழ், தேயிலை போடாத நிலத்தை அரசு எடுத்தது. அந்த மலைப்புல்வெளியில்தான் 97 சதுர கி.மீ. பரப்புள்ள இரவிகுளம் 1975இல் சரணாலயமாகி, 1978இல் தேசியப் பூங்காவானது. 2025 கணக்கெடுப்பில் தமிழகம், கேரளம் இரண்டிலுமாக 2,668 வரையாடுகள். இரவிகுளத்தில் மட்டும் 841. அதன் கிழக்குச் சரிவின் நீர் பாம்பாறு வழியாக நம் அமராவதிக்கு வருகிறது. பணம் திரட்டி நிலம் காக்கும் வழியும் உண்டு: அமெரிக்காவில் வாத்து வேட்டைக்காரர்கள் 1934 முதல் வாங்கும் முத்திரை வில்லையின் பணத்தில் சுமார் 60 லட்சம் ஏக்கர் சதுப்புநிலம் காக்கப்பட்டிருக்கிறது.

பாலக்காட்டு வயலை முழுக்க வாங்க யாராலும் முடியாது, வாங்கவும் வேண்டாம். உழவர் கையில்தான் அது வயலாக நிற்கும். ராயல்டியைப் பத்து மடங்காக்கி ஹெக்டேருக்கு 30,000 ஆக்கினால் 2 லட்சம் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 600 கோடி. நிலமாற்றக் கட்டணம் முழுவதையும் இதற்கே திருப்பலாம். கடன் நெருக்கி ஒருவர் விற்றே தீர வேண்டும் என்றால், வாய்க்கால் தலைப்பிலுள்ள அந்த வயலை முதலில் வாங்கும் உரிமையும் பணமும் பஞ்சாயத்துக்கு இருக்க வேண்டும். அடுத்த பட்ஜெட்டுக்குள் இதைக் கேட்டாக வேண்டும்.