100 நானோமீட்டர் கொழுப்புப் பைக்குள் ஒரு சிவப்பு மருந்து

கீமோதெரபின்னு சொன்னதும் நமக்கு முதல்ல ஞாபகம் வர்றது முடி கொட்டுறதுதான். ஆனா டாக்டர்கள் பயப்படுவது வேறு விஷயத்துக்கு. டாக்ஸோரூபிசின் என்று ஒரு மருந்து இருக்கு. செக்கச்செவேல்னு இருக்கும், பல வகைப் புற்றுநோய்களுக்குக் கேட்கும். ஆனால் உடம்பில் சேரச் சேர இதயத் தசையைக் கெடுக்கும். அதனால் ஒருவருக்கு வாழ்நாள் முழுக்க இவ்வளவுதான் கொடுக்கலாம் என்று ஒரு வரம்பு உண்டு. கட்டி சுருங்கிக்கிட்டு இருக்கும்போதே மருந்தை நிறுத்த வேண்டிய நிலைமை வரலாம். யோசிச்சுப் பாருங்க!

அப்போ சிக்கல் மருந்தோட வீரியத்தில் இல்லை, டெலிவரியில்தான்.

1986-ல் ஜப்பானில் மட்சுமுரா, மயேடா என்ற இருவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். கட்டி வேகமா வளருது இல்லையா, அதுக்கான ரத்தக்குழாய்களும் அவசர அவசரமா உருவாகுது. டெட்லைனுக்கு முந்தின நாள் ராத்திரி எழுதின கோட் மாதிரி, எங்கே பார்த்தாலும் ஓட்டை! பெரிய மூலக்கூறுகள் அந்த இடைவெளி வழியா கசிந்து உள்ளே போகும். அங்கே நிணநீர் வடிகாலும் சரியில்லாததால், போனது அங்கேயே தங்கிவிடும். நல்ல ரத்தக்குழாயில் இந்தக் கசிவு இல்லை.

இனி சைஸ் கணக்கு. 5 நானோமீட்டர் அளவுக்குச் சின்னதா இருந்தா சிறுநீரகம் வடிகட்டி வெளியே தள்ளிடும். ரொம்பப் பெருசா இருந்தா மண்ணீரலும் கல்லீரலும் பிடிச்சுக்கும். நடுவில் ஏறக்குறைய 100. (நம்ம தலைமுடியின் தடிமனே கிட்டத்தட்ட 80,000 நானோமீட்டர்.)

இந்த சைஸில் வந்ததுதான் டாக்சில். 1995-ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அனுமதித்தது. நம்ம செல் சவ்வு மாதிரியே கொழுப்பால் ஆன ஒரு குட்டிப் பை. உள்ளே அம்மோனியம் சல்பேட் கரைசல். மருந்து சவ்வைத் தாண்டி உள்ளே போனதும் சல்பேட்டோடு சேர்ந்து படிகமாகிவிடும், திரும்பி வர முடியாது. எலிப்பொறி டெக்னிக்! ஒரு பைக்குள் 10,000-க்கும் மேற்பட்ட மூலக்கூறுகள். வெளியே பாலிஎத்திலீன் கிளைக்கால் இழைகள் போர்த்தியிருப்பதால், நோய் எதிர்ப்புச் செல்கள் சட்டுனு அடையாளம் கண்டுபிடிக்காது. நாள் கணக்கில் ரத்தத்தில் சுத்தும்.

இதயப் பாதிப்பு நன்றாகவே குறைந்தது. ஆனா ரொம்ப நேரம் சுத்துறதால உள்ளங்கை, உள்ளங்கால் தோலிலும் கசிந்து, சிவந்து உரிய ஆரம்பித்தது. இலவசமா எதுவும் கிடைக்காது போல.

சிம்போசியம் போஸ்டர்களில் நானோ துகளை ஏவுகணை மாதிரி வரைகிறோமே, அதில் எனக்கு உடன்பாடு இல்லை. 2016-ல் டொரன்டோ பல்கலைக்கழகக் குழு ஒன்று பத்து வருட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. செலுத்திய நானோ துகள்களில் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது, இடைநிலை அளவாக, 0.7 சதவீதம். அதுவும் பெரும்பாலும் எலிகளில். மிச்சத்தில் பெரும்பங்கை கல்லீரல், மண்ணீரலில் இருக்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் விழுங்கிவிடுகின்றன.

வேடிக்கை என்னன்னா, நோயைக் கண்டுபிடிக்கும் வேலையில் இதே மேக்ரோஃபேஜ்தான் நமக்கு உதவி. இரும்பு ஆக்சைடு நானோ துகள்களை ஊசி மூலம் செலுத்தினால், நல்ல நிணநீர்க் கணுவில் உள்ள மேக்ரோஃபேஜ்கள் அவற்றை விழுங்கும், எம்.ஆர்.ஐ. படத்தில் அந்தக் கணு கறுப்பாகத் தெரியும். புற்றுநோய் பரவிய பகுதியில் விழுங்க ஆள் இல்லை, அதனால் அது வெளுப்பாகவே நிற்கும். 2003-ல் புராஸ்டேட் புற்றுநோயாளிகளிடம் இப்படிப் பார்த்தபோது, வீக்கமே இல்லாமல் சாதாரண அளவில் இருந்த கணுக்களிலும் பரவல் பிடிபட்டது.