தெளிந்த நீரில் தெரியாத நஞ்சு

சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில், பச்சை ஓடும் கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடுமாக நீந்தும் ஆமைக்குஞ்சுகளைப் பார்த்துவிட்டு அடம்பிடிக்காத பிள்ளைகள் குறைவு. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகையைச் சேர்ந்த இந்த இனத்தை ‘ரெட் இயர்டு ஸ்லைடர்’ என்பார்கள். குஞ்சோடு ஒரு பிளாஸ்டிக் கிண்ணமும் உலர்ந்த இறால் டப்பாவும் வீட்டுக்கு வந்துவிடும். சில மாதங்களில் கண் வீங்கி, ஓடு மெத்தென்று ஆகி அது இறந்துபோக இந்த இரண்டும் போதும்.

ஆமை தண்ணீரில்தான் தின்கிறது, தண்ணீரில்தான் கழிக்கிறது. கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அதற்கு நிறம் கிடையாது. அடிமண் தெரியுமளவு தெளிந்த நீரிலும் நிறைந்திருக்கலாம். நம் ஊர் வெப்பமும் காரத்தன்மை கூடிய போர் தண்ணீரும் அதன் நஞ்சைக் கூட்டுகின்றன. நுரையீரலால் சுவாசிப்பதால் ஆமை மீனைப்போல உடனே செத்து மிதப்பதில்லை. கண்ணும் தோலும் எரிந்து, ஓட்டில் தொற்று ஏறி, மெல்ல நலிகிறது. வளர்ப்பவர்களுக்குக் காரணம் பிடிபடாமல் போவது இதனால்தான்.

இதற்கு மாற்று பாக்டீரியாக்களிடம் இருக்கிறது. நைட்ரோசோமோனாஸ் போன்றவை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரோஸ்பைரா போன்றவை அதையும் நஞ்சு குறைந்த நைட்ரேட்டாக மாற்றிவிடும். ஃபில்டர் இந்த நுண்ணுயிர்களுக்கான வீடு. அழுக்கை அரிப்பது அதன் சின்ன வேலைதான். அவை குடியேறிப் பெருக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். ஆகவே ஆமைக்கு முன்னால் தொட்டியை வாங்குங்கள். ஃபில்டரை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனியைப் போட்டு அழுகவிடுங்கள். மீன் வளர்க்கும் நண்பர் யாராவது தன் ஃபில்டரிலிருந்து ஒரு துண்டு ஸ்பாஞ்ச் கொடுத்தால் காத்திருப்பு வெகுவாகக் குறையும்.

மீனைவிட ஆமை அதிகம் அசுத்தம் செய்யும். 100 லிட்டர் தொட்டிக்கு, 200 முதல் 300 லிட்டருக்கென்று விற்கும் ஃபில்டரே சரி. நீரை உறிஞ்சும் வாயில் ஸ்பாஞ்ச் மாட்டாவிட்டால் குஞ்சு அதில் ஒட்டிக்கொண்டு மூச்சுமுட்டிப் போகலாம்.

பலரும் தவறுவது கழுவும்போது. ஸ்பாஞ்சைப் பிழிந்தால் பழுப்பு நிறத்தில் வழுவழுப்பாக ஒன்று கையில் படியும். அழுக்கென்று நினைத்து, குழாயடியில் வெள்ளையாகும்வரை தேய்க்கிறார்கள். நமக்கு வேண்டிய பாக்டீரியா அதில்தான் இருக்கிறது; குழாய்நீரின் குளோரின் அதைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து மொண்டெடுத்த ஒரு வாளி நீரில் லேசாக அலசினால் போதும். மணிக்கணக்கில் மின்சாரம் போனாலும் ஆக்சிஜன் இல்லாமல் இந்த பாக்டீரியாக்கள் செத்து உள்ளே அழுகும். மின்சாரம் வந்ததும் மூடிய கேனிஸ்டர் ஃபில்டரை அப்படியே ஓடவிடாமல், அந்த நீரைக் கொட்டிவிட்டு இயக்குங்கள். நைட்ரேட்டை ஃபில்டர் நீக்காது. வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மாற்றியே தீரவேண்டும்.

இனி அந்த இறால் டப்பா. குஞ்சுகள் அதை ஆசையாகத் தின்னும், ஆனால் அதில் வைட்டமின் ஏ போதாது. அது குறைந்தால் இமை வீங்கி மூடிக்கொள்ளும். இரை தெரியாமல் ஆமை பட்டினி கிடக்கும். ஆமைக்கென்று தயாரித்த பெல்லட்தான் முதன்மை உணவாக இருக்கவேண்டும். குஞ்சுக்குத் தினம் ஒருவேளை, அதன் தலையளவு போதும். தின்றது போக மிஞ்சுவதெல்லாம் நாளைய அம்மோனியா. தனி டப்பில் தொட்டி நீரை ஊற்றி, அதில் 15 நிமிடம் தீனி கொடுத்துத் திரும்ப விட்டால் ஃபில்டரின் சுமை குறையும். இளமையில் புழுபூச்சியைத்தான் தேடும். வளர வளர இலைதழைக்கு மாறும். அதனால் சிறு வயதிலேயே கேரட் துருவல், நீர்ப்பாசி வகைகளைப் பழக்கலாம். கால்சியத்துக்கு ஒரு துண்டு கணவாய் ஓட்டை மிதக்கவிடுங்கள்.

கால்சியம் உடலில் சேர வைட்டமின் டி3 வேண்டும். அதற்குப் புற ஊதா பி (யுவிபி) கதிர் வேண்டும். கண்ணாடி ஜன்னல் அதைத் தடுத்துவிடும். ஏறி உலர்ந்து வெயில்காய ஒரு மேடையும், மேலே யுவிபி விளக்கும் கட்டாயம்.

காசளவு குஞ்சு, பெண்ணானால் 25 முதல் 30 சென்டிமீட்டர்வரை வளரும். 20 ஆண்டுக்கு மேலும் வாழும். இடம் போதவில்லையென்று ஏரியில் விடுவது பெரும் கேடு. உலகின் மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களில் இதுவும் ஒன்று. கேரளத்தில் நீர்நிலைகளில் விடப்பட்டவற்றைப் பீச்சியிலுள்ள வன ஆராய்ச்சி நிலையம் சேகரித்துவருகிறது. இந்த அயல் ஆமைக்குப் பதிலாக நம் குளத்துப் பாலாமையைப் பிடித்து வளர்க்கவும் முடியாது. அது சட்டப்படி குற்றம்.

நோயில்லாத ஆமையின் உடலிலும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். குழந்தைகளுக்குத் தொற்றியதால்தான் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளின் விற்பனையை அமெரிக்கா 1975இல் தடை செய்தது. தொட்டதும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். ஸ்பாஞ்ச் அலசிய நீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றவேண்டாம். பூச்செடிகளுக்கு ஊற்றலாம், அதிலுள்ள நைட்ரேட் அவற்றுக்கு நல்ல உரம்.