கட்டணம் பூஜ்யமா, வரவே இல்லையா?

திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயிலுக்கு எதிரே ஔஷதகிரி. முகூர்த்த நாளில் கால் வைக்க இடமிருக்காது. ஒரு ஜோடி இறங்கும்போதே அடுத்த ஜோடி ஏறிக்கொண்டிருக்கும். இந்தத் திருமணங்களைப் பதிவுசெய்ய ஒரு கைபேசிச் செயலி எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். மணமகன் பெயர், மணமகள் வயது, முகூர்த்த நேரம், கட்டணம் எல்லாம் சர்வரிலிருந்து ஜேசனாக வரும். ஜாவாஸ்கிரிப்டின் வயிற்றில் பிறந்த வடிவம் அது. டக்ளஸ் கிராக்ஃபோர்ட் 2001 வாக்கில் பரப்பினார். வயது இருக்க வேண்டிய இடத்தில் எண் வரலாம், மேற்கோளுக்குள் எழுத்தாக வரலாம், வராமலும் போகலாம். ஜாவாஸ்கிரிப்ட் எதையும் கேட்காது. எது எந்த வகை என்று ஓடுவதற்கு முன்பே கேட்டுவிடும் மொழிகளுக்குத்தான் தலைவலி.

ஆப்பிள் 2014 ஜூனில் ஸ்விஃப்டை அறிமுகப்படுத்தியபோது, ஜேசனைப் பிரிக்கக் கையில் இருந்தது ஆப்ஜெக்டிவ்-சி காலத்துக் கருவி. பிரித்துவிட்டு அது நீட்டியது 'ஏதோ ஒரு பொருள்'. அது அகராதியா? ஆம் என்றால், 'மணமகள்' என்ற சாவி உண்டா? அதன் மதிப்பும் அகராதியா? அதிலுள்ள வயது எண்தானா? கேள்விக்கு ஓர் 'இஃப் லெட்' எழுதி, நாலு மட்டம் இறங்குவதற்குள் நிரல் திரையின் வலது ஓரத்தில் போய் நிற்கும். ஒரே 'இஃப் லெட்'டில் பல கேள்விகளைக் கோக்கும் வசதி 2015இல், 1.2 பதிப்பில்தான் வந்தது.

இந்த அலுப்பில்தான் ஸ்விஃப்டிஜேசன் நூலகம் பிரபலமானது. ஒரே வரியில் உள்ளே வரை போய் வயதை எடுத்துவிடலாம். இல்லாத வயதை எண்ணாகக் கேட்டால்? கேட்கும் முறையைப் பொறுத்துப் பூஜ்யம் தரும். பிழைச்செய்தி கிடையாது. மணமகளுக்கு வயது பூஜ்யம் என்றால் யாராவது கவனித்துவிடுவார்கள். கட்டணம் பூஜ்யம் என்றால், சரி, இலவசம் போலிருக்கிறது என்று செயலி ரசீது அடித்துவிடும்.

2017இல் ஸ்விஃப்ட் 4 'கோடபிள்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. திருமணம் என்ற ஸ்ட்ரக்டில் பெயர் சரம், வயது முழு எண் என்று ஒருமுறை எழுதிவைத்தால் போதும். பிரிக்கும் நிரலைக் கம்பைலரே உண்டாக்கிக்கொள்கிறது. சாவி இல்லையென்றால் வாசலிலேயே நிறுத்தி, எந்தப் பாதையில் எந்தச் சாவி காணவில்லை என்று சொல்கிறது. வராமல் போகலாம் என்று நாம் கேள்விக்குறி போட்டுவைத்த இடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கும். நிரல் முழுக்கச் சிதறிக் கிடந்த சந்தேகங்கள் ஒரே இடத்துக்கு வந்துவிட்டன. எனக்கு இதில் பிடித்தது வரிகள் குறைந்தது அல்ல, இந்த முரட்டுத்தனம்தான்.

கோ மொழிக்காரர்கள் சிரிக்கலாம். 2012இல் முதல் பதிப்பு வந்தபோதே அவர்களிடம் ஸ்ட்ரக்ட் வழி இருந்தது. ஆனால் அங்கே சாவி வராவிட்டால் எண்ணுக்குப் பூஜ்யம், சரத்துக்கு வெறுமை, இன்றும் அப்படித்தான். கட்டணம் உண்மையிலேயே பூஜ்யமா, வரவே இல்லையா என்று பிரித்தறிய அந்த இடத்தில் ஒரு பாயின்டரை வைப்பார்கள். வராவிட்டால் அது நில்லாகவே நிற்கும். பழகிவிட்டால் கை தானாக எழுதும். பழகாதவர் ரசீது அடித்த பிறகு கற்றுக்கொள்வார்.

கோ மொழியில் ஸ்ட்ரக்ட் எழுதச் சோம்பல்பட்டு, எல்லாவற்றையும் ஒரு மேப்பில் கொட்டுகிறவர்கள் இன்றும் உண்டு. அவர்களுக்கு வேறொரு கணக்கு காத்திருக்கிறது. மேப்பில் விழும் எண்கள் எல்லாம் 64 பிட் மிதவை எண்களாகிவிடும். 9,007,199,254,740,992 வரை முழு எண்கள் பத்திரம். அதைத் தாண்டினால் கடைசி இலக்கங்கள் மாறக்கூடும். நம் வங்கிக் கணக்கு எண்கள் 18 இலக்கம் வரை போகும். மண்டப முன்பணத்தைத் திருப்பி அனுப்ப வேண்டிய கணக்கு எண்ணை மேற்கோள் போடாமல் அனுப்பினால், இல்லாத ஒரு கணக்குக்கோ வேறொருவர் கணக்குக்கோ உத்தரவு போய்விடலாம். ட்விட்டர் 2010லேயே பதிவு அடையாள எண்ணைச் சரமாகவும் சேர்த்து அனுப்பத் தொடங்கியது, ஜாவாஸ்கிரிப்டிலும் இதே எல்லை இருப்பதால்தான்.