அப்பா இனிஷியலா, வீட்டுக்காரர் இனிஷியலா?

பெண்கள் பெயரில் பத்திரம் எழுத வேண்டுமென்றால், கையில் இருக்கிற அட்டைகளையெல்லாம் எடுத்து மேசைமேல் வைக்கச் சொல்லிவிடுவேன். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஆவண எழுத்தராக உட்கார்ந்து பழகிய பழக்கம் இது. ஆண்களுக்குப் பெரும்பாலும் ஓர் அட்டையைப் பார்த்தால் போதும். பெண்களுக்கு எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். ஒரு பேச்சுக்கு, தங்கவேலு மகள் செல்வி, முருகேசனைக் கட்டியவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் த. செல்வி. ரேஷன் கார்டில் மு. செல்வி. ஆதாரில் செல்வி முருகேசன். கல்யாணத்துக்கு முன்னால் வேலைக்குப் போனபோது எடுத்த பான் கார்டில் செல்வி தங்கவேலு. நாலும் ஒரே பெண்தான். அதைக் காகிதத்தில் நிரூபிக்கிற பாடு மட்டும் அந்தப் பெண்ணுடையது.

நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து விட்டுவிட வேண்டும் என்று 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு தீர்மானம் போட்டது. பெயருக்குப் பின்னால் பட்டம் இல்லாமல், முன்னால் அப்பா பெயரின் முதலெழுத்து மட்டும் என்பது காலப்போக்கில் இங்கே ஊன்றிப்போனது. இதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் அந்த ஓரெழுத்துகூடப் பெண்ணுக்கு நிலைப்பதில்லை. தாலி ஏறிய சூட்டோடு ரேஷன் கார்டில் மாற்றுகிறார்கள், அடுத்து ஆதார், அடுத்து பேங்க். மாற்றியே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கேட்டால், "எல்லாரும் மாத்துறாங்கல்ல" என்பார்கள்.

மாற்றியதன் விளைவு தெரிவது பல வருஷம் கழித்து, அப்பா காலமான பிறகு. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை என்று 1989-இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அன்றைக்குக் கல்யாணமாகாத பெண்களுக்கு மட்டும் என்று அதில் ஒரு வரம்பு இருந்தது. 2005-இல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டபோது அந்த வரம்பும் போயிற்று. மகளுடைய உரிமை பிறப்பால் வருவது, 2005-இல் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. சட்டம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. ஆனால் தங்கவேலு மகள் என்று உரிமை கேட்டு வருகிற பெண்ணின் கையில் இருக்கிற காகிதமெல்லாம் முருகேசன் மனைவி என்றே சொல்கிறது. வாரிசுச் சான்றிதழில் மு. செல்வி, அப்பா பேங்கில் போட்ட டெபாசிட்டுக்கு நாமினியாக த. செல்வி. இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று காட்டுவதற்குக் கிராம நிர்வாக அலுவலர், தாசில்தார், நோட்டரி என்று அலைகிறார்கள். பத்திரத்தில் நான் "மு. செல்வி என்கிற த. செல்வி" என்று எழுதுகிறேன். அந்த "என்கிற"வைப் பார்த்தாலே எனக்கு மனசு கனக்கும். பிறந்ததிலிருந்து இருந்த பெயர் அங்கே இரண்டாவதாகத்தான் வந்து நிற்கிறது.

விவாகரத்து ஆன பெண்களின் நிலைமை இன்னும் சிக்கல். ஆதாரில் வழக்கமான முறையில் பெயரை ஆயுளுக்கு இரண்டு தடவைதான் திருத்த முடியும். கல்யாணத்தில் ஒன்று, பிரிந்து வந்த பிறகு ஒன்று என்று இரண்டும் தீர்ந்துவிடும். பிறகு ஓர் எழுத்துப் பிழையைச் சரிசெய்வதானாலும் தனியாக மன்றாட வேண்டும்.

இனிஷியல் என்றால் அப்பாவுடையது, அதை விட்டால் கணவருடையது என்று எல்லா வீட்டிலும் இருந்ததில்லை. எம்.எஸ். சுப்புலட்சுமியின் "எம்" மதுரை, "எஸ்" அவருடைய அம்மா, வீணைக் கலைஞர் சண்முகவடிவு. எம்.எல். வசந்தகுமாரியின் "எல்" அவர் அம்மா லலிதாங்கி, அவரும் பாடகி. கொடுமுடி பாலாம்பாள் சுந்தராம்பாள்தான் நம் கே.பி. சுந்தராம்பாள், பாலாம்பாள் அவரைப் பெற்றவர். முதல் இருவருடையதும் கலையும் வீடும் தாய்வழியில் வந்த குடும்பங்கள். அம்மா பெயரை முன்னால் வைப்பது அங்கே இயல்பு. சமூகம் அந்தக் குடும்பங்களை எவ்வளவோ காயப்படுத்தியது. ஆனாலும் அவர்கள் அந்த எழுத்தை விடவில்லை. எம்.எஸ். 1940-இல் சதாசிவத்தை மணந்தார். 1998-இல் பாரத ரத்னா வாங்கியபோதும் அவர் எம்.எஸ்.தான்.

அம்மா பெயரை வைக்கிற இந்த வழி இப்போது மற்றவர்களுக்கும் திறந்திருக்கிறது. பாஸ்போர்ட்டுக்குத் தாய், தகப்பன் இருவரில் ஒருவர் பெயர் போதும், கல்யாணச் சான்றிதழ் கட்டாயமில்லை என்று 2016 டிசம்பரில் வெளியுறவு அமைச்சகம் விதியைத் தளர்த்தியது. கணவரை இழந்து மறுமணம் செய்துகொண்ட ஒரு தாய் தொடர்ந்த வழக்கில், பிள்ளையின் குடும்பப் பெயரைத் தீர்மானிக்கத் தாய்க்கு உரிமை உண்டு என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தனியாகப் பிள்ளை வளர்க்கிற பெண்கள் என் மேசைக்கு வரும்போது இந்த இரண்டையும் சொல்லாமல் அனுப்புவதில்லை.

மலேசியத் தமிழர் வீட்டுப் பெண்களிடம் நான் கவனித்தது வேறு. அவர்களுடைய அடையாள அட்டையில் தன் பெயர், நடுவில் "ஏ/பி", பிறகு அப்பா பெயர். இன்னாருடைய மகள் என்பது அதன் பொருள். கல்யாணமானாலும் அது அப்படியே இருக்கும். இங்கே இருக்கிற பூர்வீக நிலத்தில் பங்கு விற்க வந்தால், அவர்கள் பெயரை எழுத எனக்கு ஒரு வரியில் முடிந்துவிடுகிறது.

கல்யாணப் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது யோசனை கேட்டால், "மார்க் ஷீட்ல இருக்கிற மாதிரியே எல்லாத்துலயும் வச்சுக்கோம்மா" என்பேன். "மாமியார் கோச்சுக்குவாங்கக்கா" என்று தயங்குகிற பெண்களும் உண்டு. கணவர் பெயரை எழுதுவதற்கென்று பல விண்ணப்பங்களில் தனிக் கட்டம் இருக்கிறது, அதில் அழகாக எழுது, உன் பெயருக்குள் கொண்டுவராதே என்று சொல்லிக் கொடுப்பேன். வெளிநாடு போகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்வேன். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா விசாவில் நுழைய முடியாது என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது நம் ஆட்களைத்தான் அதிகம் பதறவைத்தது. பாஸ்போர்ட் விண்ணப்பத்தின் குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்பா பெயரை முழுசாகப் போட்டுவிட்டால் பிறகு எதையும் மாற்றும் வேலை வராது.

பழைய பத்திரங்களில் மணமான பெண்ணைக் கணவர் பெயரோடு மட்டும் எழுதி முடித்திருப்பார்கள். என் கையால் எழுதுகிறவற்றில், "தங்கவேலு மகளும் முருகேசன் மனைவியுமான செல்வி" என்று இரண்டையும் போடுகிறேன். மகள் என்பது முதலில் வரும். அதற்கு இதுவரை எந்த முருகேசனும் ஆட்சேபம் சொன்னதில்லை.