ஓர் அங்குலச் சிப்பாய்க்கு எந்தச் சிவப்பு?



ஒரு தீபாவளி அன்று என் பழைய மாணவர் ஒருவர் என்னைப் பார்க்க வந்திருந்தார். எங்கள் தோட்டப் பள்ளியில் என்னிடம் படித்தவர். இப்போது சிங்கப்பூரில் வேலை. முறுக்குத் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, பையிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துத் திறந்தார். உள்ளே, பஞ்சுக்கு நடுவில் 24 சிப்பாய்கள்! ஒவ்வொருவரும் ஓர் அங்குலத்துக்குச் சற்றே கூடுதலான உயரம். கோட்டுப் பொத்தான்கள்கூடத் தெரிந்தன.

“விளையாட்டுப் பொம்மையா, தம்பி?” என்று கேட்டேன்.

“விளையாட்டுத்தான் சார். ஆனால் பொம்மை என்று சொன்னால் எங்கள் கூட்டாளிகளுக்குக் கோபம் வந்துவிடும்” என்று சிரித்தார்.

இது மேசைமேல் நடத்தும் போர் விளையாட்டு. பழைய காலத்துப் போர் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதில் நின்ற படைகளைச் சிறு உருவங்களாகச் சேர்த்து, அளவு நாடாவால் தூரம் அளந்து நகர்த்தி, தாயக்கட்டை உருட்டி வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கிறார்கள். 1824ஆம் ஆண்டில் பிரஷ்ய நாட்டுப் பீரங்கிப்படை அதிகாரி ரைஸ்விட்ஸ் என்பவர் வரைபடத்தின்மேல் சிறு கட்டைகளை நகர்த்தி அதிகாரிகளைப் பழக்கும் முறை ஒன்றை வகுத்தார். பிறகு 1913இல் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ், ஈயச் சிப்பாய்களைத் தரையில் நிறுத்தி விளையாடுவதற்கு விதிகள் எழுதி ஒரு புத்தகமே போட்டார். மெய்யான போரைவிட இந்தச் சின்னப் போர் எவ்வளவோ மேல் என்பது அவர் வாதம். அடுத்த ஆண்டே முதல் உலகப்போர் மூண்டது!

விளையாட்டு இருக்கட்டும். என் மனத்தைப் பிடித்துக்கொண்டது சாயம் பூசும் வேலைதான். மாணவர் எனக்கென்று ஒரு பெட்டி உருவங்களை விட்டுப் போனார். சாம்பல் நிறப் பிளாஸ்டிக். நெப்போலியன் காலத்துப் பிரிட்டிஷ் காலாட்படை.

படம் வரைவதில் எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு என்ற இறுமாப்பில் நேரே தூரிகையை எடுத்தேன். மறுநாள் காலையில் பார்த்தால், சாயம் செதில் செதிலாக உரிந்து கிடந்தது. அச்சிலிருந்து எடுத்த உருவத்தில் எண்ணெய்ப் பசை ஒட்டியிருக்குமாம். முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். அதன்பின் அச்சின் இரு பாதிகளும் சேர்ந்த இடத்தில் இருக்கும் கோட்டைச் சிறு கத்தியால் சுரண்ட வேண்டும். கறுப்போ வெள்ளையோ அடிச்சாயம் ஒன்று பூசிக் காயவிட்ட பிறகே கோட்டு, கால்சட்டை, துப்பாக்கி என்று நிறங்களைத் தொடலாம்.

இதில் ஒரு தந்திரம் எனக்கு மிகவும் பிடித்தது. நிறம் காய்ந்ததும் பழுப்பு மையைத் தண்ணீராய்க் கரைத்து மேலே ஓட விடுகிறார்கள். அது துணி மடிப்புகளில் தானே இறங்கி நிழலாகத் தங்கிவிடுகிறது. பிறகு தூரிகையைத் துணியில் ஏறக்குறைய முழுதும் துடைத்துவிட்டு, மிச்சமிருக்கும் வெளிர்நிறத்தால் மேலாகத் தடவினால் மேடான இடங்கள் மட்டும் வெயில் பட்டதுபோல் மின்னும். கண்ணுக்கு வெள்ளை வைக்காதீர்கள்! நான் வைத்தேன், 24 பேரும் பேயைக் கண்டவர்கள்போல் விழித்தார்கள். கை நீளத் தூரத்திலிருந்து பார்க்கும் உருவத்துக்குக் கண் இருக்கும் இடத்தில் நிழல் இருந்தால் போதும். இன்னொன்று: தூரிகை முனையை வாயில் வைத்துக் கூராக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. பழைய உருவங்கள் ஈயம் கலந்தவை. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அவற்றைக் கவனமாகக் கையாள வேண்டும்.

கோட்டுகளை எல்லாம் ஒரே சிவப்பில் பூசி முடித்துப் படம் பிடித்து மாணவருக்கு அனுப்பினேன். “அழகாக இருக்கிறது சார். ஆனால் அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே சிவப்பா?” என்று பதில் வந்தது.

அப்போதுதான் தெரிந்துகொண்டேன். அந்தக் காலத்தில் சாதாரணச் சிப்பாயின் கோட்டுத் துணிக்கு மஞ்சிட்டி இனத்துச் செடி ஒன்றின் வேரிலிருந்து சாயம் எடுத்தார்கள். விலை மலிவு. வெயிலும் மழையும் பட்டால் செங்கல் நிறத்துக்கு வெளுத்துவிடும். அதிகாரியின் கோட்டுக்கோ கொச்சினீல் என்னும் சாயம். மெக்சிகோ நாட்டில் சப்பாத்திக் கள்ளியில் வாழும் சிறு பூச்சியை உலர்த்திப் பொடித்து எடுப்பது. விலை அதிகம், நிறமும் பளிச்சென்று நிற்கும். 1808 முதல் 1814 வரை ஸ்பெயின், போர்த்துகல் நாடுகளில் நடந்து நடந்து தேய்ந்த படையில், கால்சட்டை கிழிந்தவர்கள் அந்த ஊர்ப் பழுப்புத் துணியில் தைத்துப் போட்டுக்கொண்டார்கள். கருத்துள்ளவர்கள் அந்த ஒட்டுகளையும் விடாமல் தீட்டுகிறார்கள். தூரத்திலிருந்து கோட்டின் நிறத்தைப் பார்த்தே, வருவது துரையா கூலியாளா என்று சொல்லிவிடலாம்!

இந்த உருவங்களுக்குச் சாயம் பூசிய கைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. லண்டனில் 1893 முதல் பிரிட்டன் நிறுவனத்தார் புது முறையில் ஈயச் சிப்பாய்கள் செய்தார்கள். உருக்கிய ஈயத்தை அச்சில் ஊற்றி, வெளிப்புறம் இறுகியதும் உள்ளே இருப்பதைத் திரும்பக் கொட்டிவிடுவார்கள்; உருவம் கூடாக நிற்கும், ஈயம் மிச்சம். அவற்றுக்குச் சாயம் பூசியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வீட்டுக்கு வேலையை எடுத்துப்போய், எண்ணிக்கைக் கூலிக்குப் பூசியவர்களும் உண்டு. பால் நிறுத்து, ஒட்டுப்பால் நிறுத்துக் கூலி வாங்கிய நம் தாய்மார்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது பெட்டியாக மாணவர் கொடுத்தது மதராஸ் சிப்பாய்கள். 1803 செப்டம்பர் 23ஆம் நாள், இன்றைய மகாராஷ்டிராவில் உள்ள அஸ்ஸாயே என்ற இடத்தில், பின்னாளில் வெலிங்டன் பிரபு ஆன ஆர்தர் வெல்லெஸ்லி மராட்டியப் படையை எதிர்த்தபோது, அவர் படையில் மதராஸ் பட்டாளங்கள் பல இருந்தன. மதராஸ் படையில் தமிழரும் தெலுங்கரும் சேர்ந்திருந்தார்கள். மேலே அதே சிவப்புக் கோட்டு; கீழே அரைக்கால்சட்டை. வெற்றியின் பெயர் வெல்லெஸ்லிக்குப் போனது. இவர்கள் பெயர்களை எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் கண்டதில்லை.

முகத்துக்கு நிறம் பூச உட்கார்ந்தேன். ‘சதை நிறம்’ என்று எழுதியிருந்த புட்டியைத் திறந்தால், உள்ளே இளஞ்சிவப்பு! கூடவே இருந்து பார்த்துக்கொண்டிருந்த என் மகள், “யாருடைய சதை, அப்பா?” என்று கேட்டாள்.

புட்டியை மூடி வைத்துவிட்டுப் பழுப்பையும் மஞ்சளையும் கொஞ்சம் சிவப்பையும் குழைத்தோம். அவள் தன் கையை விளக்கடியில் நீட்டினாள். நான் என் கையை நீட்டினேன். இரண்டும் ஒன்றல்ல. ஆகவே மூன்று கிண்ணத்தில் மூன்று பழுப்பு. ஒரு வரிசையில் அவள் நிறம், ஒரு வரிசையில் என் நிறம், கடைசி வரிசைக்கு வெளிக்காட்டில் வெயிலில் நின்ற என் தகப்பனார் நிறம்.

அடுத்த தீபாவளிக்கு மாணவர் மராட்டியப் படையோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். சாப்பாட்டு மேசை எப்போது காலியாகும் என்று வீட்டில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.