கையில் நிற்கும் காசு – 9
சித்தாமூர்க் கணக்கு

செஞ்சிக்கு வருகிறவர்கள் கோட்டை ஏறிப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். கிழக்கே திண்டிவனம் பக்கமாக நிலக்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே இருக்கும் மேல்சித்தாமூருக்கு வருகிறவர்கள் குறைவு. தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம் இங்கேதான் இருக்கிறது. பழைய நாளில் காஞ்சிபுரத்துத் திருப்பருத்திக்குன்றத்தில் இருந்த மடம் பிறகு இங்கே வந்து நிலைகொண்டதாகச் சொல்வார்கள். பார்சுவநாதர் கோயில் கோபுர நிழலில் உட்கார்ந்து போன ஞாயிற்றுக்கிழமை ஒரு மாணவியின் கணக்கு நோட்டைப் புரட்டினேன். அவள் திண்டிவனத்தில் அரசுக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஊர்க்காரப் பெண், சமணக் குடும்பம் அல்ல. அம்மாவுக்குக் கொல்லை வேலை.

நாற்பது பக்க நோட்டு. நடுவில் பென்சில் கோடு. இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. வரவில் இரண்டே வரி. புதுமைப்பெண் பணம் 1,000. அம்மா கொடுத்தது 600. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்து மேலே படிக்கப் போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் தரும் அந்தத் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. பணம் நேரே பிள்ளையின் வங்கிக் கணக்கில் ஏறுகிறது. யார் கையையும் எதிர்பார்க்காத பணம் என்பதால் இதை நான் பெரிதாக மதிக்கிறேன். ஆனால் வாழ்க்கையில் முதல்முறை சொந்தமாகக் காசு வரும்போது அதை எப்படிப் பிரிப்பது என்று சொல்லித்தர வீட்டில் ஆள் இருப்பதில்லை.

செலவுப் பக்கம் இப்படி: ரீசார்ஜ் 299, கேன்டீன் 420, பஸ் 225, ஜெராக்ஸ் 140, சோப்பு நாப்கின் 120, தோழி பிறந்தநாள் கேக் பங்கு 150. கூட்டினால் 1,354. மீதி 246 இருக்க வேண்டும். கையில் இருந்தது 12.

“மிச்சம் எங்க போச்சுன்னே தெரியலக்கா.”

போனை வாங்கிப் பணம் போன வரலாற்றைப் பார்த்தோம். பத்து, இருபது என்று பதினேழு வரி. டீ, ஜூஸ், சிப்ஸ், ஒரு ஹேர் பேண்ட். கூட்டினால் சரியாக 234. பர்ஸில் நூறு ரூபாய் நோட்டை மாற்றும்போது மனசு ஒரு நொடி தயங்கும். ஸ்கேன் செய்யும்போது அந்தத் தயக்கம் வருவதில்லை.

மடத்துப் பக்கம் இருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், நயினார், எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். நோட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இதுக்கு எங்க இல்லறத்தார் விரதத்துலேயே கணக்கு இருக்கும்மா.”

சமந்தபத்திரரின் ரத்னகரண்டக சிராவகாசாரத்தில் வருவது அது. அந்த வழியில்தான் தமிழில் அருங்கலச்செப்பு எழுந்தது. அனுபவிக்கும் பொருளை இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒருமுறை அனுபவித்ததும் தீர்ந்துபோவது போகம். சோறு, பூ மாதிரி. திரும்பத் திரும்பப் பயன்படுவது உபபோகம். துணி, நகை மாதிரி. இரண்டுக்கும் இவ்வளவு போதும் என்று முன்கூட்டியே அளவு வைத்துக்கொள்ள வேண்டும். அந்த அளவை ஆயுள் முழுக்க வைக்கலாம்; இல்லையென்றால் ஒரு நாளுக்கு, ஒரு பட்சத்துக்கு, ஒரு மாதத்துக்கு, ருது என்னும் இரண்டு மாதப் பருவத்துக்கு, ஓர் அயனத்துக்கு என்று காலம் குறித்தும் வைக்கலாம்.

ஆன்மாவுக்காக ஏற்பட்ட விரதம். அதைக் கேன்டீன் கணக்குக்கு இழுக்கலாமா என்று நான் தயங்கினேன். அவர் தயங்கவில்லை. “அளவு வைக்கிறதுதாம்மா விரதம். எதுல ஆரம்பிச்சா என்ன?”

அந்தக் காலப் பிரிவுதான் எனக்குச் சட்டென்று பிடிபட்டது. மாணவர்கள் எல்லாவற்றையும் மாதத்துக்குள் அடைக்கப் பார்க்கிறார்கள். செலவு அப்படி வருவதில்லை. ரீசார்ஜையே எடுத்துக்கொள்ளுங்கள். 28 நாள் பிளான் என்றால் வருடத்துக்குப் பன்னிரண்டு அல்ல, பதிமூன்று முறை போட வேண்டும். 299 வீதம் 3,887 ரூபாய். அவள் மனக்கணக்கில் 3,588தான் இருந்தது.

அடுத்து அந்த பஸ் 225. அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 மே மாதம் முதல் கட்டணம் இல்லை. காலையில் அதை விட்டுவிட்டால் தனியார் பஸ்ஸுக்கு 25 ரூபாய். ஒன்பது நாள் விட்டிருக்கிறாள். சோம்பலா என்று கேட்க வாயெடுத்தேன், நல்லவேளை, கேட்கவில்லை. கடலை பறிக்கிற நாட்களில் அம்மா விடியுமுன்னே போய்விடுவாள். தண்ணீர் பிடித்துச் சமைத்து, தம்பியைப் பள்ளிக்குக் கிளப்பிவிட்டு இவள் ரோட்டுக்கு வருவதற்குள் பஸ் போயிருக்கும். அந்த 225 ருதுவின் செலவு. அறுவடை முடிந்தால் நின்றுவிடும். அதைக் குறைக்கச் சொல்வது நியாயமே இல்லை. அறுவடை மாதத்துக்கென்று முன்பே எடுத்துவைக்கத்தான் வேண்டும்.

கேன்டீன் 420-லும் கை வைக்காதே என்றேன். அது காலையில் சாப்பிடாமல் ஓடுகிற பெண்ணின் இட்லி. சிக்கனம் என்று சொல்லி வயிற்றைக் காயப்போடும் பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

அயனம் ஆறு மாதம். செமஸ்டரும் ஆறு மாதம். தேர்வுக் கட்டணம் அவளுக்குச் சுமார் 900 வருகிறது; நோட்டில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. என் கல்லூரிக் காலத்தில் கட்டணத்தின் கடைசி நாளன்று அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. மீட்க எட்டு மாதம் ஆயிற்று. வெறும் காதோடு அவள் கல்யாண வீடுகளுக்குப் போய்வந்தது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

இன்றைய பிள்ளைகளுக்கு அடகுக் கடை போனுக்குள்ளேயே இருக்கிறது. 2,000 கடன் என்று காட்டி, கழிவு போக 1,400 கொடுத்து, ஏழாம் நாள் 2,000 கேட்கும் ஆப் என்றால் வாரத்துக்கு நூற்றுக்கு 43 ரூபாய் வட்டி. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் போட்டோம். கந்துவட்டிக்காரர்கூட இவ்வளவு கேட்கக் கூசுவார். போனில் உள்ள தொடர்பு எண்களைக் கடன் ஆப் எடுக்கக் கூடாது, மொத்த வட்டியை முன்பே காட்ட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022-ல் விதித்தது. மிரட்டல் வந்தால் 1930-க்குக் கூப்பிடுங்கள். வீட்டில் சொல்லுங்கள், தயவுசெய்து தனியாகச் சுமக்காதீர்கள்.

மாதம் 150 எடுத்துவைத்தால் ஆறு மாதத்தில் 900. எங்கே வைப்பது? அம்மாவிடம் கொடுத்தால் வீட்டுச் செலவில் கரைந்துவிடும் என்றாள். பள்ளியில் உதவித்தொகைக்காகத் திறந்த கணக்கு ஒன்று இருந்தது. அதை போனில் இணைக்கவில்லை. அதுவே நல்லது. பொதுவாக இரண்டு வருடம் வரவுசெலவு இல்லாவிட்டால் கணக்கு முடங்கும்; ஆதாரோடு கிளைக்குப் போய் உயிர்ப்பிக்கலாம், அதற்குக் கட்டணம் இல்லை.

புதுப் பக்கம் திருப்பி அயனம் என்று தலைப்பிட்டு 150 எழுதினாள். கீழே ருது, அதற்கு நேராக பஸ். நாள் என்பதற்கு எதிரே சில்லறைச் செலவுக்கு 15 போட்டு, அடித்துவிட்டு, 10 என்று திருத்தினாள்.

“தேர் அன்னிக்கு வளையல் வாங்கணும்க்கா. அது எதுல வரும்?”

நயினாரைப் பார்த்தாள். அவர் சிரித்துக்கொண்டே, “திரும்பத் திரும்பப் போடுறதுதானே?” என்றார். உபபோகம் என்று எழுதி, எதிரே 60 போட்டுக்கொண்டாள்.

(தொடரும்)