கைப்பேசியில் மறைவுப் பகுதி: பயனும் எல்லையும்

ஒரு காலத்தில் நிலப் பத்திரம், வங்கிக் கணக்குப் புத்தகம், மருத்துவச் சீட்டு, கடிதங்கள் ஆகியவை இரும்புப் பெட்டியில் பூட்டி வைக்கப்பட்டன. இன்று இவற்றின் படிகள் ஒரே கைப்பேசியில் அடங்கிவிட்டன. 2016ஆம் ஆண்டில் யுபிஐ முறை தொடங்கப்பட்ட பின்னர், பணப்பையும் அதனுள் புகுந்துவிட்டது. ஆனால், நம் நாட்டுக் குடும்பங்கள் பலவற்றில் கைப்பேசி ஒருவருக்கே உரிய உடைமையன்று. பாடம் படிக்கப் பிள்ளைகளும், உறவினருடன் பேச முதியோரும் அதனையே நாடுகின்றனர். பலர் கைபடும் கருவியில் ஒருவருடைய அந்தரங்கத்தைக் காப்பது எவ்வாறு என்ற வினா இங்குதான் எழுகிறது.

சட்டம் காப்பது எதை?

அந்தரங்கத்திற்கான உரிமை அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, புட்டசாமி வழக்கில், 2017 ஆகஸ்டு 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டன. தரவைத் திரட்டுவோரின் கடமைகளை இச்சட்டம் வரையறுக்கிறது. எனினும், தனிநபர் ஒருவர் தம் சொந்த அல்லது வீட்டுத் தேவைக்காகத் தரவைக் கையாள்வது, 3ஆம் பிரிவின்படி இச்சட்டத்தின் வரம்புக்குள் வாராது. எனவே, வீட்டிற்குள் கைமாறும் கைப்பேசிக்கு இச்சட்டத்தை மட்டும் நம்பியிருக்க இயலாது. அங்கு முதற்காவல், கருவியிலுள்ள பூட்டே ஆகும்.

செயல்படும் முறை

2014இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 5.0 பதிப்பு, ஒரே கைப்பேசியில் பல பயனர் கணக்குகளுக்கும் விருந்தினர் கணக்கிற்கும் வழிசெய்தது. 2016இல் வந்த 7.0 பதிப்பு, கோப்புகளைத் தனித்தனிச் சாவிகளால் குறியாக்கம் செய்யும் முறையைக் கொணர்ந்தது. இவற்றின் தொடர்ச்சியாக, 2024இல் ஆண்ட்ராய்டு 15 பதிப்பில் 'பிரைவேட் ஸ்பேஸ்' என்னும் மறைவுப் பகுதி அறிமுகமாயிற்று. அதில் நிறுவப்படும் செயலிகள் தனிப் பிரிவாக இயங்குகின்றன. பகுதியைப் பூட்டியவுடன் அவை நின்றுவிடும். அவற்றின் அறிவிப்புகளும் தோன்றா. விரும்பினால், அப்பகுதி இருப்பதற்கான அடையாளத்தையே செயலிப் பட்டியலிலிருந்து மறைக்கலாம். சாம்சங் கருவிகளில் 'செக்யூர் ஃபோல்டர்' இதை ஒத்த பணியைச் செய்கிறது.

எல்லைகள்

மறைவு வேறு, பாதுகாப்பு வேறு என்பதை உணர்தல் வேண்டும். முதலாவதாக, கைப்பேசியின் கடவு எண் வீட்டார் அனைவருக்கும் தெரிந்திருக்க, மறைவுப் பகுதிக்கும் அதே எண்ணை வைப்பதில் பயனில்லை. தனி எண் தேவை. இரண்டாவதாக, வங்கிச் செயலியை மறைத்தாலும், ஒருமுறைக் கடவு எண் வழக்கமான குறுஞ்செய்தியாகவே வந்து சேரும். ஆதலால், பூட்டிய திரையில் செய்தியின் உள்ளடக்கம் தெரியாதவாறு அமைத்தல் இன்றியமையாதது. மூன்றாவதாக, பூட்டிய பகுதியில் அறிவிப்புகள் நின்றுவிடுவதால், உடல்நல எச்சரிக்கை தரும் செயலிகளை அங்கு வைத்தல் ஆபத்தாகும். கருவியைக் கணினியுடன் இணைப்பவரோ, தீய செயலியை நிறுவுபவரோ மறைவுப் பகுதியை அறியவும் கூடும். பயனரே கடவு எண்ணை மோசடிக்காரரிடம் கூறிவிட்டால், எப்பூட்டும் உதவாது. பண மோசடி நேரின், 1930 என்ற எண்ணில் உடனே முறையிடலாம்.

செய்யத்தக்கவை

பிள்ளைகளிடமோ விருந்தினரிடமோ கருவியைத் தருமுன், அவ்வசதி இருப்பின், விருந்தினர் கணக்கிற்கு மாற்றித் தருவது எளிய வழி. முக்கிய ஆவணங்களுக்கு வேறிடத்தில் ஒரு படி இருத்தல் நலம். மறைவுப் பகுதியை நீக்கினால் உள்ளிருப்பவையும் அழிந்துவிடும்.

தனிக் கைப்பேசி வாங்க இயலாத பெண்ணுக்கும் மாணவருக்குமே இவ்வசதி மிகுதியும் தேவை. புதிய பதிப்புகள் விலை குறைந்த பழைய கருவிகளை எட்டுவது அரிது என்பதால், தேவை மிகுந்தோரிடமே வசதி குறைந்திருக்கிறது. டிஜிட்டல் எழுத்தறிவுப் பயிற்சிகளில் பணம் செலுத்தும் முறையைக் கற்பிப்பதோடு, பகிர்ந்து பயன்படுத்தும் கருவியைப் பூட்டும் முறையையும் கற்பித்தால், உரிமை ஏட்டளவில் நில்லாது பயனரின் கைக்கு வந்து சேரும்.